பழைய கம்ப்யூட்டர் பாகம் வாங்கும் முன்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர், நன்னிலம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். சம்பா அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் மாசி, பங்குனியிலும், காலேஜ் திறக்கும் ஆனி, ஆடியிலும் என் மேஜை நிறையப் பழைய பாகங்கள் இருக்கும். சிலர் வாங்கும் முன் கேட்க வருகிறார்கள். பலர் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அப்படி வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

பழைய பாகம் வாங்கலாமா, கூடாதா?

தாராளமாக வாங்கலாம். என் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கம்ப்யூட்டரில் பாதிப் பாகம் பழையதுதான். ஆனால் எல்லாப் பாகமும் ஒன்று இல்லை. பிராசசர் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஊசி போன்ற பின்கள் வளையாமல் இருந்தால் பத்து வருடப் பிராசசரையும் நம்பலாம். ரேமும் அப்படித்தான், சோதித்துப் பார்த்தால் போதும். கேபினெட், மானிட்டர் கண்ணால் பார்த்து வாங்குகிற பொருட்கள். மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியவை. ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் கவனம் வேண்டும். எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

“ஐ5 சிஸ்டம், எட்டு ஜிபி ரேம், நல்ல கண்டிஷன்” என்கிறார்கள். வாங்கலாமா?

“எத்தனையாவது ஜெனரேஷன்?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி கேட்காமல் ஏமாந்தவர்கள்தான் அதிகம். ஐ5 என்ற பிராசசர் பெயரை இன்டெல் 2009 முதல் வைத்திருந்தது. ஐ5 2400 என்பது 2011-ல் வந்தது. ஐ5 12400 என்பது 2022-ல் வந்தது. இரண்டும் ஐ5தான், ஆனால் மாட்டுவண்டிக்கும் டிராக்டருக்கும் உள்ள வித்தியாசம். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் ஐ5-க்குப் பின்னால் நான்கு இலக்க எண் இருந்தால் முதல் இலக்கம் ஜெனரேஷன். ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கம். 4570 என்றால் நான்காவது, 8400 என்றால் எட்டாவது, 10400 என்றால் பத்தாவது.

இது இப்போது ஏன் இவ்வளவு முக்கியம்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் பட்டியலில், இரண்டொரு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாவது ஜெனரேஷனிலிருந்துதான் இடம் உண்டு. அதனால் பெரிய அலுவலகங்கள் நான்காவது, ஆறாவது, ஏழாவது ஜெனரேஷன் கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கழிக்கின்றன. அவை துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டப்பட்டு நம் ஊருக்கு வருகின்றன. மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் சோதனையைத் தாண்டும் வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றி “லேட்டஸ்ட் சிஸ்டம்” என்று காட்டுவார்கள். தட்டச்சு, டேலி, பையனின் பாடம் ஆகியவற்றுக்கு ஆறாவது ஜெனரேஷன் தாராளமாகப் போதும், தெரிந்து வாங்கினால் தப்பில்லை. ஆனால் பத்தாவது ஜெனரேஷன் விலையைக் கொடுத்து நான்காவதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தில் காட்டும் பெயரை மாற்றிக் காட்ட முடியும். கேபினெட் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சொல்லவே வேண்டாம். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், அல்லது மெஷினை ஆன் செய்யும்போதே பயாஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். சிபியு-இசட்டில் பெயருக்குப் பக்கத்தில் இஎஸ் என்று இருந்தால் அது கம்பெனி சோதனைக்காகச் செய்த மாதிரிச் சில்லு, கடைக்கு வர வேண்டியதே இல்லை. விட்டுவிடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு ஒரிஜினல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போன வருடம் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான். கையில் துணிப்பை, அதற்குள் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று அச்சிட்ட புத்தம்புதுப் பெட்டி. “அண்ணே, கேம் திறந்தாலே சிஸ்டம் ஆஃப் ஆயிடுது” என்றான். கார்டை வெளியே எடுத்தேன். பின்பக்கத் தகட்டில் பழைய மானிட்டர் மாட்டும் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தது. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. 1050 டிஐயின் சில்லைச் செய்யும் என்விடியா கம்பெனி அந்தத் தலைமுறைச் சில்லுகளில் விஜிஏவுக்குத் தேவையான அனலாக் வசதியையே எடுத்துவிட்டது. விசிறியின் நடுவில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் லேசாகத் தூக்கினேன், அடியில் இன்னொரு பழைய ஸ்டிக்கரின் பசை கருப்பாக ஒட்டியிருந்தது. சரி, மாட்டிப் பார்ப்போம் என்று மாட்டி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்தேன். ஷேடர், அதாவது படம் வரையக் கணக்குப் போடும் சின்னப் பகுதிகளின் எண்ணிக்கை, 192 என்று வந்தது. உண்மையான 1050 டிஐயில் 768 இருக்க வேண்டும்.

அது 2010 வாக்கில் வந்த ஜிடிஎஸ் 450 என்ற கார்டு. கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதி, 2016-ல் வந்த கார்டின் பெயரைச் சொல்ல வைத்திருக்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே நம்பிக் காட்டும். அதனால்தான் விற்றவன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பையன் நம்பிவிட்டான். அவன் கார்டைப் பைக்குள் திருப்பி வைத்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணமாம்.

ஆகவே ஜிபியு-இசட்டை ஒரு பென் டிரைவில் எப்போதும் வைத்திருங்கள். 2018-லிருந்து இந்த மென்பொருளே பல போலிகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டிவிடும். அது காட்டாவிட்டாலும் ஷேடர் எண்ணிக்கையையும் மெமரி வகையையும் அந்த மாடலுக்கு உரிய எண்களோடு ஒப்பிடுங்கள். ஆர்எக்ஸ் 580 வாங்கினால் இன்னொரு கவனம் வேண்டும். முழு 580-யில் 2304 ஷேடர் இருக்கும். அதே பெயரில் 2048 உள்ள கார்டும் சந்தையில் இருக்கிறது, அது சக்தியில் 570-க்குச் சமம். கார்டு போலி இல்லை, ஆனால் 580-க்கு உண்டான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

அப்புறம், கார்டை வேலை வாங்கிப் பார்க்க வேண்டும். கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் ஃபர்மார்க் போன்ற மென்பொருள் ஒன்றைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். திரையில் புள்ளி, கோடு, நிறச் சதுரம் எதுவும் வரக் கூடாது. விசிறி கரகரக்கக் கூடாது. “இரண்டு நிமிஷம் ஓடினால் போதாதா?” என்பார்கள். போதாது. சூடேறிய பிறகுதான் கெட்ட கார்டு தன் குணத்தைக் காட்டும்.

மைனிங்கில் ஓடிய கார்டு என்கிறார்களே, அது வேண்டவே வேண்டாமா?

மைனிங் என்றால் கம்ப்யூட்டரை ராப்பகலாகக் கணக்குப் போட வைத்து டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டு வைத்து மைனிங் செய்யும் தேவையே இல்லாமல் செய்தது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் அந்தக் கார்டுகள் விற்பனைக்கு வந்தன. மைனிங் கார்டு எல்லாமே குப்பை என்று நான் சொல்லமாட்டேன். சரியான சூட்டில், சீராக ஓடியிருந்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் பலவற்றில் விசிறி தேய்ந்திருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் எண்ணெய் கக்கியிருக்கும், சிலவற்றில் பயாஸை மாற்றியிருப்பார்கள். விற்பவர் மைனிங் கார்டு என்று உண்மையைச் சொல்லி, விலையையும் குறைத்தால், சோதித்துவிட்டு வாங்கலாம். “வீட்டில் பையன் எப்போதாவது கேம் விளையாடியது” என்று சொல்லிவிட்டு, அதே ஆள் அதே மாடலில் ஆறு கார்டு வைத்திருந்தால் கிளம்பிவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி?

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு பக்கத்தில் எல்லாம் தெரியும். ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வருடம் முழுக்க நிறுத்தாமல் ஓடினால் 8,760 மணி நேரம். 26,000 என்று இருந்தால் மூன்று வருடம் ராப்பகலாக ஓடிய டிஸ்க், பெரும்பாலும் சிசிடிவி கேமராவின் பதிவுப் பெட்டியான டிவிஆரிலிருந்து கழற்றியதாக இருக்கும். அடுத்து, டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார், அன்கரெக்டபிள் செக்டார் ஆகிய மூன்று வரிகள். மூன்றிலும் கடைசி மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த எண்கள் முதலில் எழுத்தும் எண்ணும் கலந்துதான் வரும், அமைப்பில் போய்ப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் படிக்க எளிது.

இந்த மணிக்கணக்கையே அழித்துப் பூஜ்யமாக்கி விற்பவர்களும் உண்டு. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் இப்படிப் புதிது என்ற பெயரில் விற்கப்பட்டது வெளியே வந்தது. சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு இருக்கிறது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். நம் அளவில், டிஸ்க்கின் ஸ்க்ரூ ஓட்டைகளில் ஸ்க்ரூ மாட்டிக் கழற்றிய கீறல் நிறைய இருந்தும் ஓடியது பத்து மணி நேரம்தான் என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். டிஸ்க் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்.

எஸ்எஸ்டியிலும் பென் டிரைவிலும் வேறு மாதிரி மோசடி. 2 டிபி, 16 டிபி என்று எழுதி, நம்ப முடியாத விலைக்கு வருவதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கம்ப்யூட்டரில் மாட்டினால் முழு அளவையும் காட்டும். உண்மையான கொள்ளளவைத் தாண்டிப் போடும் கோப்பெல்லாம் காணாமல் போய்விடும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் முழுவதையும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லும். நேரம் பிடிக்கும், பொறுங்கள். கல்யாண வீடியோவைப் போட்டுவிட்டு இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரேம் விலை ஏறிவிட்டது. பழையது வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் பழைய ரேமுக்குத் திடீர் மவுசு வந்துவிட்டது. விலை ஏறும் பொருளில்தான் கலப்படமும் வரும். வெளியே ஹீட் சிங்க் தகடு, உள்ளே வேறு ரேம் என்று வருகிறது. மாட்டிப் பார்த்து, சிபியு-இசட்டில் எஸ்பிடி பக்கத்தில் அளவு, வேகம், தயாரித்த கம்பெனி மூன்றையும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். நேரம் இருந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு சுற்று ஓட்டுங்கள், ஒரே ஒரு பிழை வந்தாலும் வேண்டாம். மலிவான, பழைய டிடிஆர்3 வகை ரேம்களில் சில, ஏஎம்டி கம்பெனி பிராசசருக்கான போர்டில் மட்டும் ஓடும். உங்களுடையது இன்டெல் போர்டு என்றால் அதில் மாட்டிப் பார்க்காமல் பணம் தராதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை ஏன் பழையதாக வாங்கக் கூடாது என்கிறீர்கள்?

அது ஒன்று கெட்டால் கூட இருக்கும் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஸ்டிக்கரில் 500 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால், 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போகிற மின்சாரம் அவ்வளவுதான். நம் பக்கம் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவதும், ஐப்பசி கார்த்திகை இடியில் ஏறுவதும் உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் ஐந்து வருடம் தாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி மற்ற பாகங்களை மாட்டாதீர்கள். இதற்கு மட்டும் புதிதாக, பில்லோடு வாங்குங்கள்.

போர்டு மழையில் நனைந்ததா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டியது இது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கூரை போன வீடு எத்தனை, நனைந்த கடை எத்தனை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாததால் நனைந்த கம்ப்யூட்டர்கள் ஈரத்தோடு அப்படியே கிடந்தன. அதற்கடுத்த வருடம் முழுவதும் துடைத்த போர்டுகள் என் மேஜைக்கு வந்தன. ஆறு மாதம் ஓடும், அப்புறம் ஒருநாள் ஆன் ஆகாது. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் இதே கதை சின்ன அளவில் நடக்கிறது.

டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கத்தைத் துடைத்திருப்பார்கள், போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றியும், ரேம் ஸ்லாட்டின் காலடியிலும், நாணயம் போன்ற பேட்டரி உட்காரும் கிண்ணத்திலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? யுஎஸ்பி, லேன் போர்ட்டுகளின் தகடு துருப்பிடித்திருக்கிறதா? ஸ்லாட்டுக்குள் வண்டல் மண் மெல்லிய கோடாகப் படிந்திருக்கும், அது பிரஷ்ஷுக்கு எளிதில் வராது. போர்டில் நிற்கும் சின்ன உருளைகளான கெப்பாசிட்டர்களின் மண்டை தட்டையாக இருக்க வேண்டும், பூரிபோல் உப்பியிருந்தால் வேண்டாம்.

வேதாரண்யம், நாகூர், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் பொருள் நனையாமலேயே உப்புக் காற்றில் அரித்திருக்கும். விற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு நன்றாகப் பாருங்கள்.

ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கினால் பயமில்லையா?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நல்ல கடைகள் நிறைய உண்டு, நானே வாங்குகிறேன். நமக்குச் சிக்கல் தூரம்தான். கும்பகோணத்திலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். “டெஸ்டிங் வாரண்டி மட்டும்” என்று சொல்லிக் கொடுத்த பாகம் வீட்டில் ஓடவில்லை என்றால், திரும்பப் போய்வரும் செலவு பாகத்தின் விலையைத் தின்றுவிடும். அதனால் கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் சீரியல் நம்பரும், எத்தனை நாள் வாரண்டி என்பதும் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்ன வாரண்டி தாம்பரம் தாண்டினால் செல்லாது.

ஆன்லைன் விளம்பரத்தில் பாதி விலைக்கு இருக்கிறது. அட்வான்ஸ் மட்டும் கேட்கிறார்...

அனுப்பாதீர்கள். ஐந்நூறு ரூபாய்கூட வேண்டாம்.

இந்த மோசடியின் போக்கு எப்போதும் ஒன்றுதான். தான் ராணுவத்திலோ விமான நிலையப் பாதுகாப்பிலோ இருப்பதாகச் சொல்வார், அடையாள அட்டைப் படம் அனுப்புவார், திடீர் டிரான்ஸ்ஃபர் என்பார். பொருளை நேரில் பார்க்க முடியாது, ராணுவப் பார்சலில் வரும் என்பார். முதலில் சின்னத் தொகை, அப்புறம் பார்சல் கட்டணம், அப்புறம் “திரும்பக் கிடைக்கும்” டெபாசிட். ஒவ்வொன்றையும் கட்டிய பிறகு இன்னொன்று வரும். விட்ட காசைப் பிடிக்கவே மேலும் கட்டுவோம், அவர்கள் பிழைப்பது அதில்தான்.

இன்னொன்று க்யூஆர். “ஸ்கேன் செய்தால் பணம் உங்களுக்குத் திரும்ப வரும்” என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் கேட்கும் திரை வந்தால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப் போகிறது என்று பொருள்.

நான் விலையைவிட அவசரத்தைத்தான் கவனிப்பேன். மலிவாக விற்கும் நல்லவர்களும் உண்டு. ஆனால் “இன்னொருத்தர் கேட்கிறார், பத்து நிமிஷத்தில் போடுங்கள்” என்று விரட்டுகிறவரிடம் நல்ல பொருளை நான் கண்டதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நம் நெல்லைக் காயவைத்து எடுத்துவரச் சொல்கிறார்கள், நாமும் காத்திருக்கிறோம். அந்த நெல் விற்ற காசைக் கொடுக்கும்போது நாமும் பொருளைப் பார்த்து, சோதித்துத்தான் கொடுக்க வேண்டும்.

நேரில் பார்த்து வாங்கினால் எங்கே சந்திப்பது?

பஸ் ஸ்டாண்டில் வேண்டாம், அங்கே பாகத்தை ஓட்டிப் பார்க்க முடியாது. விற்பவர் வீட்டில், அவருடைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்ப்பது எல்லாவற்றிலும் நல்லது. இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்த சர்வீஸ் கடைக்கு வரச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு சின்னக் கட்டணம் கொடுத்தால் பெரும்பாலான கடைக்காரர்கள் சம்மதிப்பார்கள். பகலில் போங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். ஓடியதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம்.

பார்சலில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்?

பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். முகவரி ஒட்டிய பக்கத்தில் தொடங்கி, ஆறு பக்கமும் காட்டி, பிரித்து, சீரியல் நம்பர் தெரியும்படி முடியுங்கள். கார்டுக்குப் பதில் ஓட்டுத்துண்டு வந்தாலும் இந்த வீடியோதான் சாட்சி.

நான் விற்கிறேன். எனக்கென்ன ஆபத்து?

போலி ஸ்கிரீன்ஷாட். பணம் போட்டதுபோலவே காட்டும் ஆப்கள் இருக்கின்றன. அவர் போனைப் பார்க்காதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பு ஏறியதா என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் விற்றால் உள்ளே இருப்பதை முழுமையாக அழித்துவிட்டு விற்கவும்.

பில் இல்லாத லேப்டாப், அரசு கொடுத்த லேப்டாப் வாங்கலாமா?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி வாங்கியவரும் குற்றவாளி. பில் இல்லையென்றால் விற்பவரின் அடையாள அட்டை நகலும், சீரியல் நம்பர் எழுதிய கையெழுத்துச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் வேண்டாம். பயாஸ் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கும் கம்பெனி லேப்டாப்பை “திறந்துவிடலாம்” என்று சொல்லி விற்றாலும் வேண்டாம். அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப் ஒரு பிள்ளை படிப்பதற்காகக் கொடுத்தது. அதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. என் கடைக்கு விற்பனைக்கு வந்தால் சரிசெய்து அந்தப் பிள்ளையிடமே திருப்பி அனுப்புகிறேன்.

ஏமாந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பணப் பரிமாற்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவுசெய்து, உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். சாட், விளம்பரம், போன் நம்பர் எதையும் அழிக்காதீர்கள். விளம்பரத்தை அவன் நீக்கும் முன் படம் எடுத்துவையுங்கள்.

கடையில் வாங்கி ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடை சென்னையில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இது பலருக்குத் தெரியவில்லை. ஆனால் கடைக்காரர் இல்லாமல் ஒரு தனிநபர் தன் சொந்தப் பொருளை விற்றிருந்தால் நுகர்வோர் ஆணையம் பொருந்தாது, காவல் நிலையத்தில் மோசடிப் புகார்தான் கொடுக்க வேண்டும்.

வலங்கைமான் பையன் என்னிடம் வந்தபோது பணம் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. விற்றவன் நம்பர் உபயோகத்தில் இல்லை, சாட்டையும் கோபத்தில் அழித்துவிட்டிருந்தான். அன்றைக்கு ராத்திரியே 1930-க்குப் போன் செய்யலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.